வேட்பாளரின் பழைய தொழிலைக் காட்டும் தேர்தல் சின்னங்கள்: சிங்கப்பூரிலிருந்து சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு

நான் காசு கொடுத்து வாங்கிய முதல் தேர்தல் சின்னம் அமெரிக்க அதிபர் லிங்கனின் ஒரு பட்டன், அதாவது சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜ். கோடரியை ஓங்கி மரக்கட்டையைப் பிளக்கும் படம், கீழே 1860 என்ற எண். தபால் செலவோடு 140 சிங்கப்பூர் வெள்ளி ஆனது. பக்கத்து புளோக்கில் நாற்பது வருடமாகத் தபால்தலை சேகரிக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஆசையாக அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. பட்டனைத் திருப்பி, சட்டையில் குத்தும் ஊசியை விரலால் தொட்டார். "தம்பி, 1860-ல இந்த மாதிரி ஊசி ஏது?" என்றார்.

அவர் சொன்னது சரிதான். படத்தின் மேல் செல்லுலாய்டு மூடி, பின்னால் ஊசி வைத்த பட்டனுக்கு நியூஜெர்சியின் வைட்ஹெட் அண்ட் ஹோக் கம்பெனி காப்புரிமை வாங்கியது 1896-இல். லிங்கன் சுடப்பட்டது 1865-இல். என் கையில் இருந்தது அவர் காலத்துக்கு ரொம்பப் பிறகு யாரோ அடித்த நினைவுப்பொருள். விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. அதற்குப் பிறகு ஒரே பொருளுக்கு இரண்டு தடவை வரி கட்டினேன், ஒரு நல்ல பட்டனைத் துருவுக்குக் கொடுத்தேன். அந்தப் பாடெல்லாம் நீங்களும் பட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சரி, எதைச் சேகரிக்கிறோம் என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். அரசியலுக்கு வருவதற்கு முன் வேட்பாளர் செய்த தொழிலை முன்னிறுத்தும் பிரசாரப் பொருள்கள். அமெரிக்க அதிபர்களில் கார்ட்டரின் வேர்க்கடலை, லிங்கனின் கோடரி, கென்னடியின் படகு, நம் பக்கத்தில் எம்.ஜி.ஆரின் நடிகர் முகம், இந்த வகை.

1. முதலில் ஒரே ஒரு தொழிலைப் பிடியுங்கள்

எல்லாவற்றையும் வாங்கத் தொடங்கினால் ஆறு மாதத்தில் பணமும் போகும், ஆர்வமும் போகும். ஒரு வேட்பாளர், ஒரு தொழில் என்று தொடங்குங்கள். புதியவர்களுக்கு நான் சொல்வது ஜிம்மி கார்ட்டர்தான். ஜார்ஜியா மாநிலத்தின் பிளெய்ன்ஸ் ஊரில் வேர்க்கடலை விவசாயமும் வியாபாரமும் செய்தவர். 1976 தேர்தலில் அவருக்காக ஊர் ஊராகப் போய் வாக்குக் கேட்ட ஜார்ஜியாக்காரர்களுக்குப் 'பீனட் பிரிகேட்' என்றே பெயர். அந்த ஒரு வருடத்தில் வேர்க்கடலை வடிவத்தில் வராத பொருளே இல்லை: தங்க நிற ஊசிச் சின்னம், உண்டியல், ரேடியோ, பல் தெரியச் சிரிக்கும் பொம்மை. ஏராளமாகச் செய்ததால் இன்றும் மலிவு. சாதாரண வேர்க்கடலைச் சின்னம் சில அமெரிக்க டாலருக்கே கிடைக்கும். தவறாக வாங்கினாலும் பெரிய நஷ்டம் இருக்காது. பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

கொஞ்சம் கை பழகியதும் கென்னடிக்குப் போகலாம். அவர் கடற்படையில் பிடி-109 என்ற ரோந்துப் படகின் தலைவராக இருந்தவர். 1943 ஆகஸ்டில் சாலமன் தீவுகளுக்கு அருகே ஜப்பானியப் போர்க்கப்பல் மோதி அந்தப் படகு மூழ்கியது. 1960 தேர்தலுக்கு அந்தப் படகின் வடிவில் டை கிளிப் செய்து கொடுத்தார்கள். அழகான பொருள். ஆனால் நகல்கள் மலிந்து கிடக்கின்றன, அதனால் முதல் பொருளாக இது வேண்டாம்.

லிங்கனின் 1860 பொருள்களைக் கடைசிக்கு வையுங்கள். அந்த ஆண்டு மே மாதம் இல்லினாய் மாநிலத்தின் டிகேட்டர் நகரில் நடந்த கட்சி மாநாட்டில், இளவயதில் லிங்கன் பிளந்தவை என்று சொல்லி இரண்டு வேலிக் கட்டைகளை அவருடைய உறவினர் ஜான் ஹேங்க்ஸ் தூக்கி வந்தார். 'கட்டை பிளப்பவர்' என்ற பட்டம் அங்கிருந்துதான் ஒட்டிக்கொண்டது. அந்தக் காலத்து உண்மையான பொருள் என்றால் நாடா கோத்துத் தொங்கவிட மேலே ஓட்டை போட்ட பதக்கம், அல்லது மெல்லிய இரும்புத் தகட்டில் எடுத்த சிறு புகைப்படம். விலையும் அதிகம், போலியும் அதிகம்.

தமிழ்நாட்டுப் பொருள்களிலிருந்து தொடங்க விரும்புகிறவர்களும் இருப்பார்கள். தேக்காவில் தேநீர் குடித்துக்கொண்டே எம்.ஜி.ஆர் பேட்ஜைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்கான அடையாளங்களைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

2. யார் செய்த பொருள் என்று பிரித்துப் பாருங்கள்

ஒரே தொழிலைக் காட்டும் பொருளை மூன்று பேர் செய்திருக்கலாம். வேட்பாளரின் சொந்தப் பிரசாரக் குழு, கூட்டத்தில் விற்றுக் காசு பார்க்க நினைத்த வியாபாரி, கிண்டல் செய்ய நினைத்த எதிரணி. மூன்றுமே சேகரிக்கத் தகுந்தவைதான். ஆனால் விலை ஒன்றல்ல. கார்ட்டரின் வேர்க்கடலைப் பொருள்களில் பெரும்பகுதி வியாபாரிகள் செய்தவை. விற்பவர் 'அதிகாரப்பூர்வப் பிரசாரப் பொருள்' என்று எழுதியிருந்தால், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வியாபாரி செய்த பொருளின் விலைதான் கொடுக்க வேண்டும்.

பின்னாளில் அமெரிக்க அதிபரான ரீகன் நடிகராக இருந்ததைப் பற்றிய பட்டன்களில் பல எதிரணியினர் செய்தவை. அவர் ஒரு குரங்கோடு நடித்த பழைய படத்தை வைத்து எத்தனையோ கேலிகள். என்னைக் கேட்டால் கேலிப் பட்டன்தான் தொழிலைப் பற்றி அதிகம் சொல்கிறது. ஒருவருடைய பழைய வேலையை ஊர் எப்படிப் பார்த்தது என்பது அதில் ஒளிவுமறைவு இல்லாமல் தெரிகிறது.

ஒரு தொழில் பெருமையா சுமையா என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். 1872-இல் அமெரிக்க அதிபர், துணை அதிபர் வேட்பாளர்களான கிராண்ட், வில்சன் இருவருக்காகவும் அச்சிட்ட ஒரு வண்ணப் படத்தில் ஒருவரைத் தோல் பதனிடுபவராகவும் மற்றவரைச் செருப்புத் தைப்பவராகவும் பெருமையோடு காட்டியிருக்கிறார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையத் தொகுப்பில் அது இருக்கிறது, பார்க்கக் காசு வேண்டாம். பின்னாளில் அமெரிக்க அதிபரான ட்ரூமன் 1919-இல் கான்சஸ் சிட்டியில் நண்பரோடு ஆண்கள் துணிக்கடை திறந்தார். 1922-இல் கடை நொடித்துப் போனது. 'ட்ரூமன் துணிக்கடைப் பிரசாரச் சின்னம்' என்று எதையாவது கண்டால் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

3. பணம் கட்டும் முன் பின்பக்கத்தையும் விளிம்பையும் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். முன்பக்கப் படத்தை மட்டும் போட்டு விற்கும் ஆளிடம் வாங்காதீர்கள். பின்பக்கம் ஒரு படம், விளிம்பு தெரியும்படி சாய்த்துப் பிடித்த ஒரு படம், இரண்டையும் கேளுங்கள். நல்ல விற்பனையாளர் ஒரே நாளில் அனுப்பிவிடுவார்.

பட்டன்கள் இரண்டு வகை. செல்லுலாய்டு பட்டனில் அச்சிட்ட காகிதத்தின் மேல் கண்ணாடி போன்ற மூடி இருக்கும், பின்னால் ஒரு வளையம் அதைப் பிடித்திருக்கும். பழையதாக இருந்தால் உட்குழிவில் செய்தவர் பெயர் அச்சிட்ட காகிதம் ஒட்டியிருக்கலாம். லித்தோ பட்டனில் மை நேராகத் தகரத்திலேயே இருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் கீறல் விழுந்த இடத்தில் தகரம் பளிச்சென்று தெரியும். லித்தோ பரவலானது முதலாம் உலகப் போர்க் காலத்துக்குப் பிறகுதான். ஆகவே 1896, 1900 தேர்தல்களின் பட்டன் என்று சொல்லி லித்தோவைக் கொடுத்தால் அது நகல்.

விளிம்பின் வளைவில் பொடி எழுத்து இருக்கும். அதைக் கட்டாயம் படியுங்கள். 1968-இல் கிளீனெக்ஸ் விளம்பரத்துக்காகப் பழைய தேர்தல் பட்டன்களின் நகல்களை வெளியிட்டார்கள். அவற்றின் விளிம்பில் கிளீனெக்ஸ் பெயரும் 68 என்ற எண்ணும் இருக்கும். 1972-இல் அமெரிக்கன் ஆயில் கம்பெனி வெளியிட்ட தொகுப்பில் 'ஏ-ஓ-1972' என்று இருக்கும். சிலர் அந்த எழுத்தைச் சுரண்டிவிட்டு விற்கிறார்கள். விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் சாயம் தேய்ந்து மற்ற இடம் புதிதாக இருந்தால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

1973-இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அரசியல் சின்னங்களின் நகல் செய்பவர்கள் அதைச் செய்த ஆண்டை அழியாதபடி பொறிக்க வேண்டும் என்பது அதன் விதி. நமக்கு உதவிதான். ஆனால் எல்லோரும் சட்டப்படி நடப்பதில்லை, 1973-க்கு முந்திய நகல்களுக்கு அது பொருந்துவதும் இல்லை. ஆண்டு இல்லாததால் மட்டும் பொருள் உண்மையானது என்று முடிவு கட்டக் கூடாது.

எம்.ஜி.ஆர் பேட்ஜுக்கு வருவோம். இங்கே கட்சிச் சின்னம்தான் காலத்தைச் சொல்லும். அவர் தனிக்கட்சி தொடங்கியது 1972 அக்டோபர். இரட்டை இலை முதலில் களம் கண்டது 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில். ஆகவே அவர் முகத்தோடு உதயசூரியன் இருந்தால் 1972 அக்டோபருக்கு முந்தையது, இரட்டை இலை இருந்தால் 1973-இலோ அதற்குப் பிறகோ வந்தது. சின்னமே இல்லாமல் முகம் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் ரசிகர் மன்றப் பேட்ஜ். அதைப் பிரசாரப் பொருளின் விலைக்கு வாங்காதீர்கள். 1967 ஜனவரியில் சுடப்பட்டு, கழுத்தில் கட்டோடு மருத்துவமனையில் இருக்கும் அவர் படம் அந்தத் தேர்தலில் சுவரொட்டியாக ஊரெங்கும் ஒட்டப்பட்டது. அதன் அசல் கிடைப்பது அபூர்வம். கிடைத்தால் காகிதத்தின் மடிப்பையும் பசைக் கறையையும் பாருங்கள். வழவழப்பான புதுத் தாளில் கறையும் சேர்த்து அச்சிட்டு விற்கிறார்கள். கறை விரலில் தட்டுப்பட வேண்டும், வெறும் மையாக இருக்கக் கூடாது.

4. முழுச் செலவையும் முன்கூட்டியே எழுதிப் பாருங்கள்

இந்த இடத்தில்தான் புதியவர்கள் அதிகம் இடறுகிறார்கள். பட்டனின் விலை என்பது பாதிக் கதைதான்.

சிங்கப்பூரில் இந்தப் பொருள்களுக்குச் சுங்கத் தீர்வை கிடையாது. தீர்வை என்பது மது, புகையிலை, வாகனம், எரிபொருள் ஆகியவற்றுக்கு மட்டும். ஆனால் ஜிஎஸ்டி உண்டு. 2024 ஜனவரி 1 முதல் அது 9 சதவீதம். விமானத்திலோ தபாலிலோ வரும் பொருளுக்கு 400 வெள்ளி என்ற எல்லை இருக்கிறது. அந்த 400 வெள்ளியில் பொருளின் விலை, கப்பல்கூலி என்று நாம் சொல்லும் அனுப்பும் செலவு, காப்புறுதி மூன்றும் சேரும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். பட்டன் 370 வெள்ளி, தபால் 45, காப்புறுதி 5. மொத்தம் 420. எல்லையைத் தாண்டிவிட்டது. அதிகமான 20 வெள்ளிக்கு மட்டும் வரி என்று நான் நினைத்திருந்தேன். இல்லை. முழு 420-க்கும் 9 சதவீதம், அதாவது 37 வெள்ளி 80 காசு. அதோடு பொருளைக் கொண்டு வரும் நிறுவனம் வரியை உங்கள் சார்பில் கட்டியதற்குத் தனியாக ஒரு கட்டணமும் கேட்கும். அது எவ்வளவு என்று அனுப்பச் சொல்லும் முன்பே கேட்டுவிடுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

400-க்குக் கீழே இருந்தால் வரியே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். 2023 ஜனவரி முதல், சிங்கப்பூரில் ஜிஎஸ்டிக்குப் பதிந்துகொண்ட வெளிநாட்டு விற்பனைத் தளங்கள் வாங்கும்போதே அந்த வரியைப் பிடித்துக்கொள்கின்றன. பெரிய ஏலத் தளங்கள் பெரும்பாலும் இப்படித்தான். தனி ஆளிடம், சிறு கடையிடம் நேரடியாக வாங்கினால் பொதுவாகப் பிடிக்க மாட்டார்கள்.

நான் இரண்டு தடவை கட்டியது இப்படித்தான். தளத்தில் வாங்கும்போது ஒரு தடவை கட்டினேன். தனித்தனியாக வாங்கிய மூன்று பொருள்களை விற்பவர் ஒரே பெட்டியில் போட்டு அனுப்பினார். மொத்த மதிப்பு 400-ஐத் தாண்டியது, வந்து சேரும்போது மறுபடி வரி கேட்டார்கள். ஏற்கெனவே கட்டிய விவரம் பெட்டியின் மேல் இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் மூன்று காரியம் செய்கிறேன். ஜிஎஸ்டி தொகை தனி வரியாகத் தெரியும் ரசீதை இறக்கி வைக்கிறேன். அதில் விற்பவரின் ஜிஎஸ்டிப் பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்கிறேன். அந்த விவரத்தைப் பெட்டியோடு வரும் தாளில் எழுதச் சொல்லி விற்பவருக்குச் செய்தி அனுப்புகிறேன். இரண்டு தடவை கட்டிவிட்டாலும் கலங்க வேண்டாம். இறக்குமதியில் கட்டியதற்கான சான்றைக் காட்டி, தளம் முதலில் பிடித்ததைத் திருப்பிக் கேட்கலாம்.

கப்பலில் சட்டமிட்ட சுவரொட்டி வரவழைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த 400 வெள்ளிச் சலுகை விமானத்துக்கும் தபாலுக்கும்தான். கப்பலில் வந்தால் முதல் வெள்ளியிலிருந்தே வரி.

அப்புறம் இரண்டு சின்னச் செலவுகள். ஏல நிறுவனங்கள் ஏலம் முடிந்த விலைக்கு மேல் 'வாங்குபவர் கட்டணம்' என்று ஐந்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் சேர்ப்பது வழக்கம். 100 டாலருக்குக் கேட்டால் 120-க்கு மேல் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும். கடன் அட்டையில் வெளிநாட்டுப் பணத்தில் கட்டினால் வங்கிக் கட்டணமும் உண்டு. வெள்ளியில் கட்டுகிறீர்களா, டாலரில் கட்டுகிறீர்களா என்று திரையில் கேட்டால் டாலரையே தேர்ந்தெடுங்கள். வெள்ளி என்று அழுத்தினால் மாற்று விகிதம் உங்களுக்குப் பாதகமாகவே இருக்கும்.

5. ஏலத்தின் நேரத்தைச் சிங்கப்பூர் நேரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்

அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 9 மணி என்றால் கோடையில் நமக்கு மறுநாள் காலை 9, குளிர்காலத்தில் காலை 10. மார்ச்சிலும் நவம்பரிலும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுகிறார்கள், நாம் மாற்றுவதில்லை. நவம்பர் முதல் வாரத்தில் ஒரு ஏலத்தை இதனால் தவறவிட்டேன். மேற்குக் கரை நேரம் போட்டிருந்தால் இன்னும் மூன்று மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். தேதியும் மாறும் என்பதை மறக்காதீர்கள். அங்கே ஞாயிறு இரவு முடிவது இங்கே திங்கள் காலை, வேலைக்குப் போகும் எம்ஆர்டியில் நிற்கும் நேரம். எவ்வளவு வரை போகலாம் என்பதை முதல்நாள் இரவே எழுதி வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

அமெரிக்காவில் தேர்தல் நடக்கும் ஆண்டில் விலை ஏறும், போலிகளும் பெருகும். தேர்தல் முடிந்த மறு ஆண்டில் ஆசைக்கு வாங்கியவர்கள் விற்கத் தொடங்குவார்கள். அப்போது வாங்குவதுதான் எனக்குக் கட்டுப்படியாகிறது. கார்ட்டர் 2024 டிசம்பரில் தம்முடைய 100 வயதில் இறந்ததும் வேர்க்கடலைச் சின்னங்களுக்குச் சில வாரம் ஏக கிராக்கி. அப்படிப்பட்ட சமயத்தில் ஒதுங்கி நில்லுங்கள்.

அனுப்பிய பிறகு பொறுமை வேண்டும். எனக்குச் சாதாரணத் தபாலில் வந்தவை இரண்டு முதல் நான்கு வாரம் எடுத்தன. 50 வெள்ளிக்கு மேல் என்றால் தடமறியும் எண் இல்லாமல் அனுப்பச் சம்மதிக்காதீர்கள்.

6. சிங்கப்பூருக்குள் வரக்கூடாதவற்றை வரவழைக்காதீர்கள்

தேர்தல் பொருள் என்றால் பட்டன் மட்டுமல்ல. பழைய தொகுப்புகளை மொத்தமாக விற்கும்போது உள்ளே என்னென்னவோ இருக்கும். வேட்பாளர் படம் போட்ட பபிள்கம் சுருட்டு ஒரு காலத்தில் பிரபலம். சூயிங்கம் இறக்குமதிக்கு இங்கே 1992 முதல் தடை, ஐம்பது வருடம் பழைய கம் என்று சொன்னாலும் கம் கம்தான். வேட்பாளர் படம் போட்ட சிகரெட் பெட்டிகள் 1950-களில் வந்தன. உள்ளே சிகரெட் இருந்தால் ஒவ்வொரு குச்சிக்கும் தீர்வை, வேறு சிக்கல்களும் வரும். மெல்லும் புகையிலைக்கு முழுத் தடை. கைத்துப்பாக்கி வடிவ லைட்டர், பொம்மைத் துப்பாக்கி இரண்டையும் தொடவே வேண்டாம்.

பழைய கைத்தடிகளில் யானைத் தந்தப் பூண் இருக்கலாம். சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் முதல் தந்தம் விற்பதற்குத் தடை. அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பாகங்களுக்குத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். ஆமை ஓட்டுக்கும் இதே கதை. 'எலும்பு மாதிரி இருக்கிறது' என்று விற்பவர் எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள்.

கார்ட்டர் தொகுப்பில் சில சமயம் உண்மையான வேர்க்கடலை உள்ள துணிப் பை வரும். கடலையை எடுத்துவிட்டுப் பையை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். பழைய கடலையில் வண்டு இருந்தால் மற்றக் காகிதங்களையும் அரித்துவிடும். அவருடைய தம்பி பெயரில் 1977-இல் வந்த 'பில்லி பீர்' டப்பாவை அபூர்வப் பொருள் என்று ஆயிரக்கணக்கில் விலை சொல்வார்கள். அது அபூர்வம் இல்லை, பிரசாரப் பொருளும் இல்லை. நிரம்பிய டப்பா என்றால் மதுவுக்கான தீர்வையும் சேரும்.

உள்ளூர்த் தேர்தலைப் பற்றியும் கேட்பீர்கள். விளக்குக் கம்பத்தில் தொங்கும் வேட்பாளர் பதாகையைக் கழற்றி எடுக்காதீர்கள், அது குற்றம். தேர்தல் முடிந்ததும் அவற்றை அகற்றுவது வேட்பாளரின் பொறுப்பு. வேண்டுமென்றால் அவர்களுடைய தொண்டர்களிடம் கேட்டு வாங்கலாம். மருத்துவர், வழக்கறிஞர், பொருளியல் வல்லுநர் என்று பலர் இங்கே போட்டியிட்டிருந்தாலும் தொழிலை வைத்துச் சின்னம் செய்யும் பழக்கம் நம் ஊரில் அவ்வளவாக இல்லை. அதனால்தான் நான் வெளியே தேடுகிறேன்.

7. கையில் கொண்டு வருவதாக இருந்தால்

ஊருக்குப் போய்வரும்போது மதுரையிலோ சென்னையிலோ வாங்கி வருகிறவர்கள் இதைக் கவனியுங்கள். வெளியே 48 மணி நேரமோ அதற்கு மேலோ இருந்துவிட்டுத் திரும்பினால் 500 வெள்ளி வரையிலான பொருள்களுக்கு ஜிஎஸ்டி இல்லை. 48 மணிக்குக் குறைந்தால் 100 வெள்ளிதான். வாங்கியவை எல்லாம் இதில் சேரும், புடவையும் இனிப்பும் உட்பட.

ஆனால் இந்தச் சலுகை எல்லோருக்கும் இல்லை. வேலை அனுமதிச் சீட்டு, எம்பிளாய்மென்ட் பாஸ், மாணவர் அனுமதி, டிபெண்டன்ட் பாஸ், நீண்டகால அனுமதி ஆகியவற்றில் இருப்பவர்களுக்கு இது கிடையாது. அவர்கள் வாங்கிவந்த பொருள்களின் முழு மதிப்புக்கும் கட்ட வேண்டும். நம்மில் பலருக்கு இது தெரியாது. விமானம் ஏறும் முன்பே சுங்கத்துறையின் இணையச் சேவையில் அறிவித்துக் கட்டிவிடலாம், அல்லது சாங்கியில் சிவப்பு வழியில் போய் ரசீதைக் காட்டிக் கட்டலாம். ரசீது இல்லாவிட்டால் அதிகாரி போடும் மதிப்புதான். தெருக்கடையில் வாங்கினாலும் ஒரு தாளில் பொருள், விலை, தேதி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தியாவிலிருந்து நூறு வயதைத் தாண்டிய கலைப்பொருளையும், 75 வயதைத் தாண்டிய மதிப்புமிக்க கையெழுத்துப் பிரதியையும் தனியார் வெளியே கொண்டுவர முடியாது. எம்.ஜி.ஆர் காலத்துப் பொருள்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

தபாலில் வருவதற்கும் ஒரு எச்சரிக்கை. விலையைக் குறைத்து எழுதவோ 'அன்பளிப்பு' என்று எழுதவோ விற்பவரைக் கேட்காதீர்கள். பொய்யான அறிவிப்பு இங்கே குற்றம். தொலைந்துபோனால் காப்புறுதியும் எழுதிய விலைக்குத்தான் கிடைக்கும்.

8. வந்த அன்றே செய்ய வேண்டியவை

உறையைப் பிரிக்கும்போதே கைப்பேசியில் படம் எடுங்கள். உறையின் முன், பின், உள்ளே கட்டியிருந்த விதம், பொருளின் இரண்டு பக்கம். விற்பவரோடு தகராறு வந்தால் இவைதான் சாட்சி. உறையை உடனே தூக்கிப் போடாதீர்கள். பணத்தைத் திரும்பக் கேட்பதற்குத் தளங்கள் குறிப்பிட்ட நாள் கணக்கு வைத்திருக்கின்றன. லிங்கன் பட்டனை நான் பெரியவரிடம் காட்டும்போது அந்த நாள்கள் கடந்திருந்தன.

பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம் தன்னிடமுள்ள பிரசாரப் பொருள்களில் பலவற்றைப் படத்தோடும் அளவோடும் இணையத்தில் வைத்திருக்கிறது. அளவு முக்கியம். நகல்களில் பல அசலைவிட மில்லிமீட்டர் கணக்கில் மாறுபடும். 1945-இல் தொடங்கிய அமெரிக்க அரசியல் சின்னச் சேகரிப்பாளர் சங்கத்தில் வெளிநாட்டவர்களும் சேரலாம். போலிகளைப் பற்றி அவர்கள் திரட்டி வைத்திருக்கும் தகவலுக்காகவே சந்தா கொடுக்கலாம்.

9. நம் ஊர் ஈரத்திலிருந்து காப்பாற்றுங்கள்

என் முதல் கார்ட்டர் லித்தோ பட்டனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வீவக வீட்டின் சமையலறையை ஒட்டிய அலமாரியில் வைத்திருந்தேன். எட்டு மாதம் கழித்து எடுத்தால் கார்ட்டரின் பல்வரிசைக்கு நடுவே மூன்று பழுப்புப் புள்ளிகள். துடைத்தேன், சாயமும் சேர்ந்து வந்தது. துருவைத் துடைக்கக் கூடாது, மேலும் பரவாமல் தடுக்க மட்டும்தான் முடியும்.

மெத்தென்ற பிவிசி உறை வேண்டாம். அது நாளாவட்டத்தில் கசிந்து பிசுபிசுக்கும். பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன் உறையாகக் கேட்டு வாங்குங்கள். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் உள்ள ஓவியப் பொருள் கடைகளில் அமிலமில்லாத அட்டையும் கிடைக்கும். கேமரா வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் மின்சார ஈரநீக்கிப் பெட்டி இருந்தால் மிக நல்லது, ஈரப்பதத்தை 45 சதவீதத்தை ஒட்டி வையுங்கள். பழைய செல்லுலாய்டுக்கு அதற்குக் கீழே போகவும் வேண்டாம், வெடிப்பு விடலாம். பெட்டி வாங்க வசதி இல்லாதவர்கள் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையும், சின்ன ஈரமானியும் வையுங்கள். ஈரம் உறிஞ்சிய பையை மாதம் ஒரு முறை மாற்ற வேண்டும். சன்னல் வெயில் படும் சுவரில் தொங்கவிட்டால் சிவப்பு முதலில் வெளுக்கும்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு அட்டை எழுதுங்கள். வேட்பாளர், தொழில், தேர்தல் ஆண்டு, அளவு, விளிம்பு எழுத்து, யாரிடம் எந்தத் தேதியில் வாங்கியது, பொருளுக்கும் தபாலுக்கும் வரிக்கும் தனித்தனியாக எவ்வளவு, ரசீது எந்தக் கோப்பில் இருக்கிறது. லிங்கன் பட்டனுக்கும் என்னிடம் ஒரு அட்டை உண்டு. ஆண்டு என்ற இடத்தில் '1896-க்குப் பிறகு' என்று பெரியவரே தம் கையால் எழுதிக் கொடுத்தார். புதிதாக வாங்குகிறவர்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் அதைத்தான் திருப்பிக் காட்டுகிறேன்.